கத்திக்கு முன் ஒரு கையெழுத்து

எடைகுறைப்பு அறுவைசிகிச்சைக்குப் போகிறவரின் கோப்பு தடிமனாகவே இருக்கும். வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, எக்கோ, தைராய்டு, மயக்கமருந்து மருத்துவரின் ஒப்புதல் என்று அடுக்கடுக்காகத் தாள்கள். நடுவில் மனநல மருத்துவரோ உளவியலாளரோ தந்த தாள் ஒன்று. எத்தனை பேசியிருந்தாலும் கடைசியில் அதில் தேடப்படுவது ஒரே வரிதான்: இவர் அறுவைசிகிச்சைக்குத் தகுதியானவர். அந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, உடல் நிறைக் குறியெண் 40ஐத் தொட்டவர்களுக்கும், 35ஐத் தாண்டிக் கடுமையான இணைநோயும் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அவர்களைப் பரிசோதிக்கும் குழுவில் மனநலம் அறிந்தவரும் இருக்க வேண்டும் என்றது. 2022இல் பன்னாட்டு அறுவைசிகிச்சைச் சங்கங்கள் அந்த எல்லையைத் தளர்த்தின, ஆசியர்களுக்கு 27.5 என்ற அளவிலேயே சிகிச்சையை முன்வைக்கலாம் என்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் குறியெண் 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. வாசல் அகலமாகிவிட்டது, வரிசையும் நீளும். இந்நிலையில், வாசலில் நின்று மனதைச் சோதிப்பவரின் வேலை என்ன என்பது சின்ன விஷயமில்லை.

அவர் செய்யும் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் சோற்றுத்தட்டில் ஆறுதல் தேடியவருக்கு, அந்த வழி ஒரே நாளில் அடைபடுகிறது. அந்த ஆறுதலை இனி எங்கே தேடுவார் என்று முன்கூட்டியே கேட்க ஓர் ஆள் வேண்டும். கண்டுகொள்ளப்படாத மனச்சோர்வு, நள்ளிரவில் ஒளிந்து சாப்பிடும் பழக்கம், வீட்டுக்குத் தெரியாத குடி எல்லாம் வெளிவருவது இந்த அறையில்தான். லித்தியம் போன்ற மனநல மருந்து உண்பவர் என்றால், அறுவைசிகிச்சைக்குப் பின் நீர்ச்சத்து குறைந்து மருந்து நஞ்சாக மாறும் ஆபத்து உண்டு. அதைப் பார்த்து அளவைத் திருத்துவதும் இவர் பொறுப்பு.

இது வெறும் அச்சமில்லை. 2007இல் வெளியான அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வில், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே மொத்த மரணங்கள் 40 விழுக்காடு குறைந்திருந்தன. விபத்து, தற்கொலை போன்ற நோய்சாரா மரணங்களோ 58 விழுக்காடு கூடியிருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் அறுவைசிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 50 விழுக்காடு அதிகம் என்றது. மதுப்பழக்கக் கோளாறு அறுவைசிகிச்சைக்கு முன் 7.6 விழுக்காடாக இருந்து இரண்டாம் ஆண்டில் 9.6 ஆனதை 2012இல் வேறொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் கலக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பார்த்தால், கையெழுத்துத் தாளின் குறை அதிலேயே தெரியும். இத்தனையும் பின்னால் நடந்தவை. தாளோ முன்னால் எழுதப்படுவது. அதைக் கொண்டு பின்னால் வருவதைக் கணிக்க முடிகிறதா? 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய ஒரு கட்டுரை, அறுவைசிகிச்சை நாடி வருவோரில் 19 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் 17 விழுக்காட்டினருக்குக் கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் இவை இருந்தால் எடை குறையாது என்று சொல்லத் தெளிவான சான்று இல்லை என்றும் அதே கட்டுரை முடிவு கூறியது.

சோதனைக் கருவியிலும் சிக்கல் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அவற்றில் தூக்கம், அசதி, பசி பற்றி மூன்று கேள்விகள் உண்டு. கடும் உடற்பருமனோடு உறக்க மூச்சுத்தடையும் உள்ளவர் இரவெல்லாம் விழிப்பார், பகலெல்லாம் சோர்வார், அதிகம் உண்பார். மனம் தெளிவாக இருந்தாலும் இந்த மூன்றிலேயே அவருக்கு 9 மதிப்பெண் வரலாம். மிதமான மனச்சோர்வு என்று கருதும் எல்லை 10. மறுபுறம், உண்மையிலேயே உடைந்துபோனவர், ‘இல்லை’ என்று வரிசையாகக் குறித்துவிட்டு எழுந்து போகவும் முடியும். கையெழுத்து கிடைக்காவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று தெரிந்தவர் யார்தான் மனம் திறப்பார்? வாசற்காவலராக உட்கார்ந்திருப்பவரிடம் ரகசியம் சொல்ல முடியாது.

காப்பீட்டு விதிகளும் கைகொடுப்பதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொதுவிதி, மருத்துவரின் ஆலோசனை, வயது 18, உடல் நிறைக் குறியெண், இதயநோய், கடும் உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத நீரிழிவு என நிபந்தனைகளைப் பட்டியலிடுகிறது. மனத் தயாரிப்பு பற்றித் தனியாக ஒரு சொல் இல்லை. ஆகவே நல்ல குழுக்கள் தாமாக அக்கறை எடுத்துக்கொள்கின்றன. மற்ற இடங்களில் அது ஒரே அமர்வில் முடிந்துபோகும் சடங்காகிவிடுகிறது.

சடங்கின் போதாமை நகரத்தில் சட்டென்று தெரியாது. சேர்வராயன் மலையில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கிராமத்திலிருந்து வருபவர் முதலில் ஏற்காட்டுக்கே வந்துசேர வேண்டும். சிறப்பு மருத்துவம் வேண்டும் என்றால் சேலம். அதற்கும் மேல் கோவையோ சென்னையோ. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மண் சரிந்தபோது மலைப்பாதைப் போக்குவரத்தே நின்றது. காப்பித் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகும் ஒரு பெண், அறுவைசிகிச்சைக்கு முன் ஒருமுறை கீழே இறங்கி வந்துவிடுவார். அதன்பின் மாதாமாதம் ஆலோசனைக்கு என்று கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவாரா?

அவருக்குச் சோதனை வீட்டில்தான் தொடங்குகிறது. முதல் சில வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அப்புறமும் சில கரண்டிதான். சாமைச் சோறும் களியும் வயிறு நிறைய உண்டு பழகிய வீட்டில், ‘இன்னும் கொஞ்சம் வெச்சுக்கம்மா’ என்பது அன்பின் மொழி, மறுத்தால் மனத்தாங்கல். மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு உறவெல்லாம் கூடும்போது, இளைத்த உடம்பைப் பார்த்து வரும் முதல் கேள்வி ‘என்ன, சுகரா?’ என்பதாகத்தான் இருக்கும். ஆபரேஷனை மறைத்து வைத்தவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? தொங்கும் தோல், கொட்டும் முடி, ஆண்டுகள் போகப்போக ஓரளவு திரும்பி ஏறும் எடை, வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய சத்து மாத்திரைகள் ஆகிய எதையும் முன்னால் எழுதிய ஒரு வரி தாங்கிப் பிடிக்காது.

அதற்காக மனநலச் சோதனையை இன்னும் கடுமையாக்கி, வடிகட்டுவதைக் கூட்டலாம் என்று எண்ணினால் அதுவும் தவறு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, அறுவைசிகிச்சை பெற்றவர்களிடையே மரண வாய்ப்பு 29 விழுக்காடு குறைவு என 2007இல் காட்டியது. மனச்சோர்வு இருப்பதாலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பலனையும் பறித்து, மனநோயாளி என்ற முத்திரையையும் குத்தியதாகிறது. கட்டுக்குள் வராத மனச்சிதைவு, விடாத போதை, தற்கொலை எண்ணம் போன்ற நிலைகளில் சிகிச்சையைத் தள்ளிவைப்பது நியாயம். மற்றவர்களுக்குத் தேவை தயாரிப்பு.

தயாரிப்பு என்றால் சமைப்பவரையும் அறைக்குள் அழைப்பது. கணவரோ மாமியாரோ அந்தச் சில கரண்டி அளவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எடையில் எவ்வளவு குறையும், எது குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் கூடிவரும், குடும்பச் சண்டை தீரும் என்ற எதிர்பார்ப்போடு வருபவரிடம், அவை இரைப்பையோடு தொடர்புடையவை அல்ல என்று பக்குவமாகப் பேச வேண்டும். ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரோடு பேச வைத்தால், மருத்துவர் சொல்லாததும் காதில் விழும்.

பின்தொடர்தலுக்குப் புதிதாக ஒரு கட்டமைப்பு எழுப்பத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலருக்கு, சாப்பாடு, தூக்கம், குடி, மனநிலை பற்றி நான்கு கேள்விகள் கேட்கப் பயிற்சி தரலாம். 2022இல் வந்த டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் அதை அச்சிட அதிகச் செலவில்லை. கோப்பிலுள்ள அந்தத் தாளில், ‘தகுதியானவர்’ என்ற வரிக்குக் கீழே ஆறாம் மாதம், ஓராண்டு, ஈராண்டு என மூன்று தேதிகளும், அன்று அவரை அழைத்துப் பேசப்போகிறவரின் பெயரும் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கட்டுமுன் அந்தத் தேதிகளைக் கேட்கத் தொடங்கினால், மருத்துவமனைகள் அவற்றை எழுதத் தொடங்கிவிடும்.