தளர்ந்த கயிற்றின் அழகு

புனேயின் வேதாள் டேக்டி குன்றுக்கு விடிகாலையில் நடக்க வருபவர்களில் பலர் நாயோடு வருவார்கள். இவர்களில் நல்ல பயிற்சியாளர் யார் என்று அறிய நாயைப் பார்க்க வேண்டாம், கையிலிருக்கும் கயிற்றைப் பார்த்தால் போதும். அது விறைத்திருந்தால் இழுபறி ஓயவில்லை. நடுவில் தொய்ந்து, மனிதர் திரும்பும் பக்கம் நாயும் திரும்பினால், அங்கே அருமையான ஒரு வேலை நடந்து முடிந்திருக்கிறது. தெருவில் பிறந்து, அண்மையில்தான் வீட்டுக்கு வந்த நாட்டு நாய் அப்படி நடப்பதைக் கண்டால் நான் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இந்தக் கலையின் முதல் பாடம் சும்மா இருப்பது. ரெஸ்க்யூ அறக்கட்டளை போன்ற மீட்பு அமைப்புகளும் தனி ஆர்வலர்களும் புனேயில் எத்தனையோ தெருநாய்களுக்கு வீடு தேடித் தருகிறார்கள். அப்படி வந்த நாய் முதல் நாள் சோபாவுக்குப் பின்னால் அசையாமல் படுத்திருக்கும். ‘எவ்வளவு சாது!’ என்று வீட்டார் மகிழ்வார்கள். தேர்ந்த கண்ணுக்கோ அது பயத்தில் உறைந்த உடல். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், தீனி இல்லாமலே மூக்கை நக்கும், பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் இந்தச் சிறு அசைவுகளை நாயின் சமாதானக் குறிப்புகள் என்று விளக்கினார். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் நாயின் பக்கவாட்டில் தரையில் உட்காருவார், கண்ணுக்குள் பார்க்கமாட்டார், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகமாட்டார். நாய் தானாக வந்து முகர்ந்த பிறகு, மோவாய்க்குக் கீழே நெஞ்சில் மெல்லத் தடவுவார். பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று தத்தெடுப்பவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு. அவசரக்காரர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

தெருநாய்க்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது பெரிய தவறு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்ந்துவருகிறது. முன்பின் அறியாத ஒருவர் திரும்பத் திரும்ப வரும்போது அவரை நம்புவதற்கு உணவைவிடத் தடவிக்கொடுப்பதே நாய்களுக்கு அதிகம் உதவியது என்று அவர்கள் 2017இல் காட்டினார்கள். எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்கள் மனிதர் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்வதை 2020இல் வெளியிட்டார்கள். மனிதர்களைப் பிழைப்புக்காகவே கவனித்து வளர்ந்த உயிர் அது. பாதிப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருகிறது.

அடுத்தது நேரம். உட்காரக் கற்பிப்பதையே பாருங்கள். வேகவைத்த ஈரல் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து மெல்ல மேலே நகர்த்தினால், தலை உயர, பின்பகுதி தானாகத் தாழும். இடுப்பு தரையைத் தொடும் அந்தக் கணத்தில் ‘சபாஷ்’ விழ வேண்டும். நாய் எழுந்த பிறகு சொன்னால் எழுந்ததற்குத்தான் பரிசு. மிருதங்கக்காரர் எடுப்பைத் தவறவிடாமல் பிடிப்பதைப் போன்ற கைத்திறன் இது. நாய்ப் பயிற்சியில் இப்படி நேரம் பார்த்துப் பரிசளிக்கும் முறையைப் பரப்பிய கேரன் பிரையர் 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது, அடிக்க முடியாது. விசிலும் மீனும் மட்டுமே கருவி. அந்தக் கட்டாயத்தில் கூர்மையான முறையை 1984இல் அவர் நூலாக எழுதினார். ‘கூட்டத் தலைவன்போல் அடக்கி ஆள வேண்டும்’ என்று கழுத்தை நெரிக்கும் செயினோடு வருகிற பயிற்சியாளரை நம்பாதீர்கள். ஓநாய்க் கூட்டத்தை ஒரு தலைவன் அடக்கி ஆள்கிறது என்ற கருத்தைப் பரப்பியதில் பங்குள்ள டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளரே 1999இல் அதை மறுத்து எழுதிவிட்டார்.

புனேக்கு இந்தக் கலையில் பெருமைக்குரிய இடமுண்டு. மும்பைக் காவல்துறையின் ஜஞ்சீர் என்ற லாப்ரடார், சிவாஜிநகரில் உள்ள சிஐடி நாய்ப் பயிற்சி மையத்தில் பழகியது. 1992 டிசம்பரில் பணியில் சேர்ந்து, 1993 மார்ச் குண்டுவெடிப்புகளை ஒட்டி 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவியது. வெடிமருந்து என்றால் என்ன என்று எந்த நாய்க்கும் தெரியாது. ஒரு வாசனைக்குப் பின்னால் தனக்குப் பிடித்தது வரும் என்ற நம்பிக்கைதான் மோப்பப் பயிற்சிக்கு அடித்தளம்.

அதே நம்பிக்கைதான் புனேவாசிகளின் நாய்க்கு வரும் கடினமான தேர்வுக்கும் உதவுகிறது. கணேசோற்சவத்துக்குப் பல வாரம் முன்பே முட்டா நதிக்கரையில் டோல்-தாஷா மேளக் குழுக்கள் ஒத்திகையைத் தொடங்கிவிடும். அந்த அதிர்வு காதோடு நிற்காது, தரை வழியாகவும் ஏறும். பழகாத நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்கும், அல்லது கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். கைதேர்ந்தவர் செய்வதைப் பாருங்கள். பதிவுசெய்த டோல் ஓசையைக் கேட்டும் கேட்காத அளவில் வைப்பார். நாயின் காது ஒருமுறை திரும்பும். உடனே கோழித் துண்டு. ஓசை நின்றால் கோழியும் நிற்கும். இங்கே வரிசைதான் உயிர்: ஓசை முந்த வேண்டும், கோழி பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால் கோழியைக் கண்டாலே ‘சத்தம் வரப்போகிறது’ என்று நாய் மிரளும். கோழியைத் தொடாமல் விட்டதா? ஒலி கூடிவிட்டது, குறைத்துக்கொள்ள வேண்டும். ஓசை கேட்டதும் பயமில்லாமல் நாய் நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் நாள் ஒன்று வரும். மொத்தப் பயிற்சியிலும் என்னை மிகவும் கவர்ந்த கட்டம் அதுதான்.

புனேயில் இந்த ஆண்டு நாயைத் தத்தெடுத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களே, ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆனியிலேயே தொடங்குங்கள். கணேசர் சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன நாளில் ஜன்னல்களைச் சாத்தி நாயை உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை அதன் கழுத்தில் இருக்கட்டும்.