கையெழுத்துக்கா, கவனத்துக்கா ஊதியம்?

லித்தியம் என்ற உலோகத்தின் உப்பு மனநோய் மருத்துவத்தில் ஓர் அரிய மருந்து. பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறி மாறி வரும் நோயை அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதன் அளவில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருப்பின் பயன் தரும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். மூட்டுவலிக்கென்று நோயாளி சில நாள் ஐபுபுரோஃபென் மாத்திரை சாப்பிட்டாலும், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து, இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடக்கூடும். மருந்து எழுதியவர் கவனிக்கத் தவறிய இச்சிறு செய்தி, நோயாளியின் குறிப்பேட்டைப் பொறுமையுடன் படிக்கும் இன்னொருவர் கண்ணில் படலாம். அந்தப் பொறுமைக்கு என்ன ஊதியம் தருவது? அமெரிக்காவில் எழுந்துள்ள இக்கேள்வியை நாம் சற்று ஆராய்வோம்.

அந்நாட்டில் கவுண்டி எனப்படும் மாவட்டங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் மனநோய் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. இக்குறையைப் பெரிதும் நிரப்பி வருபவர்கள் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்னும் உயர்நிலைச் செவிலியர்கள். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த துறை இது. மனநோய்ப் பிரிவில் முதுநிலைப் படிப்பு முடித்த இவர்கள் நோயாளிகளைச் சோதித்து மருந்தும் எழுதுகின்றனர். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள், சிலவற்றில் குறிப்பிட்ட கால அனுபவத்துக்குப் பின், இவர்களைத் தனித்து இயங்க விடுகின்றன. டெக்சாஸ் போன்ற மாநிலங்களோ மருத்துவர் ஒருவருடன் எழுத்து மூலமான உடன்படிக்கை வேண்டும் என்கின்றன. அங்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஒரு மருத்துவர் முழுநேரம் பணிபுரியும் ஏழு பேர் வரை மேற்பார்வையிடலாம். குறிப்பேடுகளைப் பார்வையிடவும் கலந்து பேசவும் வேண்டும். இதற்கான ஊதியத்தைப் பெரும்பாலும் இரு தரப்பாரும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். குறை இங்கேதான் தொடங்குகிறது.

மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகத் தருவது ஒரு முறை. கணக்குக்காக அதை 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் மாதம் ஆறு மணி நேரம் குறிப்பேடுகளைப் படித்து, ஐயங்களுக்கு விடை சொல்கிறார். அவருக்கு மணிக்கு 100 டாலர் கிடைக்கிறது. மற்றொருவர் அரை மணி நேரத்தில் கையெழுத்திட்டு முடிக்கிறார். அவருக்கோ மணிக்கு 1,200 டாலர்! கவனமாகப் பார்ப்பவருக்கு நட்டம், பார்க்காதவருக்கு இலாபம். இதை எப்படி நியாயமான ஊதியம் என்பது?

வருமானத்தில் நூற்றுக்கு இத்தனை என்பது இரண்டாவது முறை. இது இன்னும் கேடானது. நோயாளிக்கு முப்பது நிமிடம் ஒதுக்கும் செவிலியர் அதைப் பதினைந்தாகக் குறைத்தால் வருமானம் கூடும். மேற்பார்வையாளரின் பங்கும் கூடும். “சற்று நிதானமாகப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டியவரே, சொன்னால் தம் பையில் குறைவதைக் காண்பார். இத்தகைய பங்கீட்டைச் சில மாநிலங்கள் தடை செய்திருப்பதில் வியப்பில்லை.

“நியாயமான சந்தை மதிப்பைத் தாருங்கள்” என்பது வழக்கறிஞர்கள் கூறும் அறிவுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் சந்தையில் விலைபோவது வெறும் கையெழுத்தாக இருந்தால், சந்தை மதிப்பும் கையெழுத்தின் மதிப்பாகத்தானே இருக்கும்? பலரும் தருவது என்ன என்பதை அது காட்டும். செய்த வேலைக்கு அது ஈடா என்பதைக் காட்டாது.

இன்னொரு முரண்பாட்டையும் கவனியுங்கள். சொந்தமாக மனநல நிலையம் நடத்தும் செவிலியர் தம் மேற்பார்வையாளரைத் தாமே தேடி, தாமே பணம் தருகிறார். தேர்வு எழுதும் மாணவனே தேர்வாளரை அமர்த்திக்கொள்வது போன்றது இது. குற்றம் காணும் மருத்துவர் அடுத்த மாதம் மாற்றப்படலாம். மறுபுறம், மருத்துவர் திடீரென விலகினால் நிலையத்தையே மூட நேரும். ஆகவே அவர் கேட்கும் தொகையைக் கொடுத்தே தீரவேண்டிய நிலையும் உண்டு.

எது முறையான ஊதியம்? படிக்கவும் பேசவும் செலவான நேரத்துக்கு, அதே நேரத்தில் நோயாளிகளைப் பார்த்திருந்தால் மருத்துவர் ஈட்டக்கூடிய அளவு கூலி. அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் பொறுப்புக்கு ஒரு சிறு நிலைத்தொகை. கூடுதல் காப்பீட்டுச் செலவு. இம்மூன்றையும் தனித்தனியே எழுதிக் கூட்டவேண்டும். புதிதாகப் பணியேற்றவருக்கு மணிகள் கூடும். அனுபவம் ஏறினால் குறையும். நேரத்தைப் பொய்யாகப் பெருக்காதிருக்க, எந்தக் குறிப்பேட்டைப் படித்தார், என்ன சொன்னார் என்ற பதிவும் வேண்டும்.

“இவ்வளவு செலவானால் சிற்றூர் நிலையங்கள் மூடப்பட்டுவிடுமே!” என்று சிலர் கேட்கலாம். பொருளுள்ள கேள்விதான். ஆனால் மேற்பார்வை நோயாளிக்குத் தேவை என்று ஒரு மாநிலம் நம்பினால், அதன் செலவில் பங்கேற்க அது முன்வரவேண்டும். தேவையில்லை என்று கருதினால், அக்கட்டாயத்தை நீக்கிவிடலாம். இரண்டையும் செய்யாமல், வெறும் கையெழுத்துக்கு மாதந்தோறும் பணம் கைமாறச் செய்வது எவ்வகையிலும் பொருந்தாது. ஏனெனில் அந்தப் பணம் கடைசியில் நோயாளியிடமிருந்தே வருகிறது. அவருடைய லித்தியம் அளவை அந்தக் கையெழுத்து ஒருபோதும் பார்ப்பதில்லை.