வின்ஸ்டனின் மேசை

ஆர்வெலின் '1984' பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக எலிக்கூண்டுக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் சுவரொட்டியிலிருந்து முறைக்கும் பெரியண்ணனின் மீசைக்கார முகத்துக்கு. இரண்டும் பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனிதனின் சிந்தனையையும் நினைவையும் ஓர் அரசு எப்படிக் கைப்பற்றுகிறது என்று எழுதிக்காட்டிய பக்கங்களில் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், முதல் பாகத்தின் நான்காம் அத்தியாயத்தைத்தான் எடுத்து நீட்டுவேன். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. வின்ஸ்டன் என்ற ஒருவன் காலையில் அலுவலகத்துக்கு வருகிறான், கருவியில் படிந்த தூசியை ஊதுகிறான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய செய்திகளைத் திருத்தும் வேலையைத் தொடங்குகிறான்.

அந்த மேசையை ஆர்வெல் எவ்வளவு அக்கறையோடு அமைத்திருக்கிறார்! பேசுவதை எழுதிக்கொள்ளும் கருவிக்கு வலப்பக்கம் ஒரு சிறு குழாய். கட்டளைச் சுருள்கள் அதில் காற்றழுத்தத்தில் வந்து விழும். இடப்பக்கம் இருக்கும் பெரிய குழாய் பழைய 'டைம்ஸ்' இதழ்களுக்கு. பக்கச் சுவரில், கையெட்டும் தூரத்தில், கம்பிவலை போட்ட நீள்சதுரமான நினைவுத் துளை. கட்டடம் முழுக்க, அறைக்கு அறை, தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம், அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தரையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தால்கூட யோசிக்காமல் எடுத்து அருகிலிருக்கும் துளையில் போட்டுவிட வேண்டும். உள்ளே ஓடும் வெப்பக் காற்று அதை உலைக்கு இழுத்துப்போகும்.

அன்றைக்கு வின்ஸ்டனுக்கு வருபவை நான்கு சீட்டுகள். அதில் ஒன்று பூட்ஸ் கணக்கு. காலாண்டுக்கு 14.5 கோடி ஜோடி என்று அமைச்சகம் முன்கூட்டிச் சொல்லியிருந்தது. உற்பத்தியானதாக அறிவித்தது 6.2 கோடி. வின்ஸ்டன் பழைய இதழைத் திருத்தும்போது முன்கணிப்பை 5.7 கோடி என்று எழுதுகிறான். இலக்கைத் தாண்டிவிட்டதாகப் பெருமை பேசிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. உண்மையில் ஒரு ஜோடிகூடத் தயாராகாமல் இருந்திருக்கலாம். நாட்டில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இதையெல்லாம் ஆர்வெல் குரல் உயர்த்தாமல், ஒரு குமாஸ்தாவின் நிதானத்தோடு சொல்லிப்போகிறார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நான்காவது சீட்டு. பெரியண்ணன் தம் அன்றாட ஆணையில் பாராட்டியிருந்த விதர்ஸ் என்ற கட்சிக்காரர் இப்போது இல்லாதவராகிவிட்டார். பிறக்கவே இல்லை என்று ஆக்கப்பட்டுவிட்டார். அந்த இடத்தை நிரப்ப வேண்டும். வழக்கமான துரோகிப் பட்டியலை எழுதி முடித்திருக்கலாம். வின்ஸ்டனின் கற்பனை அதோடு அடங்கவில்லை. தோழர் ஓகில்வி என்று ஒரு வீரனை ஆயத்தமாக எடுத்து வைக்கிறான். மூன்று வயதில் முரசையும் இயந்திரத் துப்பாக்கியையும் ஹெலிகாப்டர் பொம்மையையும் தவிர வேறு விளையாட்டுச் சாமானைத் தொடாத பிள்ளை. பதினோரு வயதில் சொந்த மாமனைக் காட்டிக்கொடுத்தவன். இருபத்து மூன்றில் வீரமரணம். அப்படி ஒருவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சில வரி அச்சும் ஒன்றிரண்டு போலிப் புகைப்படங்களும் சேர்ந்தால் நாளை முதல் அவன் வாழ்ந்து மறைந்தவன்.

இதன் பிறகு வரும் ஒரு சிறு தயக்கத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓகில்விக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாமா என்று வின்ஸ்டன் யோசிக்கிறான். பிறகு வேண்டாம் என்று விடுகிறான். பதக்கம் கொடுத்தால் வேறு பல ஆவணங்களிலும் அதற்கேற்பக் குறிப்பு சேர்க்க வேண்டிவரும், வீண் வேலை. ஒரு மனிதனை அழித்து இன்னொருவனைப் பிறப்பித்த கையோடு அவன் கவலைப்பட்டது இதற்காகத்தான். இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால், எலிக்கூண்டு வரும் 101-ஆம் அறை எனக்குச் சற்றுச் சத்தமாகவே கேட்கிறது.

வின்ஸ்டனுக்கு வாழ்க்கையில் மிகப் பெரிய மகிழ்ச்சி தன் வேலைதான் என்று ஆர்வெல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நாவலை விரும்பிப் படித்தவர்கள்கூட இதை மறந்துவிட்டு, அவனை முதல் பக்கத்திலிருந்தே புரட்சிக்காரனாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எதிர் மேசையில் இருக்கும் டில்லட்சனும் இதே ஆணையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறான் என்று வின்ஸ்டனுக்கு ஒரு சந்தேகம். யாருடைய பிரதி ஏற்கப்படும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இருந்தும், தன்னுடையதுதான் என்று அவன் மனம் உறுதியாக நம்புகிறது. கட்சியை வெறுத்து நாட்குறிப்பு எழுதுபவனுக்கே இந்தத் தொழில்கர்வம்.

இளமையில் சில காலம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்திருக்கிறேன். கையால் எழுத்துக் கோத்த காலம். பாராவின் முதல் வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் கீழே உள்ள வரிகள் அத்தனையும் நகரும். அச்சுக்கோப்பவர் முழுப் பாராவையும் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். அதனால் எடுத்த சொல்லின் நீளத்துக்கே, பொருளும் கெடாமல், வேறொரு சொல்லைத் தேடிக் கொடுப்போம். அது அமைந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும், நமக்கும் அன்றைய பொழுது இனிக்கும். அந்த வரி என்ன சொல்கிறது என்பது அப்போது ஒரு பொருட்டாகவே தோன்றாது. வின்ஸ்டனின் இன்பம் அதே இன்பம்தான். ஆர்வெல் அதை அறிந்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் அறிந்ததற்குக் காரணமும் உண்டு. 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்கத்தியப் பிரிவில், தணிக்கைக்குப் போய்வரும் பிரதிகளோடு மல்லுக்கட்டியவர் அவர். மனைவி ஐலீன் போரின் தொடக்க ஆண்டுகளில் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர். அதற்கும் முன்னால், 1937-இல் ஸ்பெயினில், நடக்காத சண்டைகள் நடந்ததாகவும் நடந்தவை நடக்கவே இல்லை என்றும் பத்திரிகைகள் எழுதியதைப் போர்முனையிலிருந்து திரும்பிப் பார்த்திருக்கிறார். காசநோயோடு ஜூரா தீவில் இந்த நாவலைத் தாமே தட்டச்சு செய்து முடித்தபோது, கண்காணிப்புத் திரையைக் கற்பனையில் கண்டிருக்கலாம். அந்த மேசையைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நினைவுத் துளைக்கு நாவலில் இரண்டு பெரிய தருணங்கள். ஜோன்ஸ், ஆரன்சன், ரூதர்ஃபோர்ட் மூவரும் துரோகிகள் அல்ல என்று நிரூபிக்கும் பத்திரிகைப் படம் ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் வின்ஸ்டன் கைக்கு வந்திருந்தது. அதை அவனே துளையில் போட்டுவிட்டான். யாரும் மிரட்டவில்லை. மூன்றாம் பாகத்தில், சித்திரவதைக் கூடத்தில், அவனை விசாரிக்கும் ஓபிரையன் அதே படத்தை விரல்களுக்கிடையே ஒரு கணம் காட்டுகிறான். பிறகு எதிர்ச் சுவரிலுள்ள துளையில் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இருந்ததாகத் தனக்கு நினைவே இல்லை என்கிறான். வலியால் அலறும் இடங்களைவிட இந்த அமைதியான பொய்யில்தான் வின்ஸ்டன் தோற்கிறான் என்பது என் வாசிப்பு. முதல் முறை அவன் கை செய்ததைத்தான் ஓபிரையனின் கை இரண்டாம் முறை செய்கிறது.

ஆர்வெல் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1954-இல், சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குத் தபாலில் சில தாள்கள் வந்தன. சுட்டுக்கொல்லப்பட்ட முன்னாள் ரகசியப் போலீஸ் தலைவர் பேரியா பற்றிய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலியவை பற்றிய இந்தப் பக்கங்களை அங்கே ஒட்டிக்கொள்ளும்படி அறிவுரையும் சேர்ந்து வந்தது. வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, கட்டு குலையாமல் நேர்த்தியாக வெட்டிய வாசகர்களும் இருந்திருப்பார்கள். அந்த நேர்த்தியைத்தான் நான்காம் அத்தியாயம் முன்கூட்டியே எழுதிவிட்டது.

ஹக்ஸ்லியே தீர்க்கதரிசி என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. இன்பத்தைக் கொடுத்தே மனிதனை மறக்கவைக்கும் உலகம் நம் காலத்துக்குப் பொருந்துகிறது என்கிறார்கள். பொருந்தட்டும். அவருடைய பாத்திரங்கள் கருத்துகளைச் சுமந்து நடக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மேசைகூட என் மனதில் நிற்கவில்லை. பிராட்பரியின் நாவலில் புத்தகங்களை எரிக்கும் நெருப்பு அழகான காட்சி. ஆனால் மக்கள் தாங்களாகவே படிப்பதை விட்ட பிறகுதான் தீயணைப்பாளர்கள் கொளுத்த வந்தார்கள் என்று கேப்டன் பீட்டி விளக்கும் இடம்தான் அந்த நாவலின் உயிர்; அந்த ஒரு பேச்சுக்காக நான் அதைத் திரும்ப எடுப்பதுண்டு.

உண்மையான போட்டி யோகோ ஒகாவாவிடமிருந்துதான் வருகிறது. ஜப்பானிய மொழியில் 1994-இல் வந்து, 2019-இல் ஆங்கிலத்துக்குப் போன 'நினைவுக் காவலர்' நாவலை இளம் வாசகர்கள் ஆர்வெலுக்கு மேல் வைக்கிறார்கள். தீவில் ஒவ்வொன்றாகப் பொருள்கள் மறைகின்றன: ரிப்பன், வாசனைத் திரவியம், பறவைகள், ரோஜா, நாட்காட்டி. நாட்காட்டி போனபிறகு வசந்தம் வரவே மறுக்கிறது. மறைந்துபோன பொருள்களைத் தன் சிற்பங்களுக்குள் ஒளித்துவைத்த தாய் வருகிற பகுதியை நெஞ்சு கனக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை. இருந்தும் எனக்கு ஒரு மனக்குறை. ஒகாவாவின் தீவில் மறதி பருவம் மாறுவதுபோலத் தானாக வந்து கவிகிறது. காலையில் எழுந்தால் ஏதோ ஒன்று போயிருக்கிறது. மக்கள் ரோஜா இதழ்களை ஆற்றில் விடுகிறார்கள், காவலர்கள் மிச்சத்தைத் தேடிப்பிடிக்கிறார்கள். மறதியைச் செய்து முடிக்க யாரும் இரவு கண்விழித்து உழைக்கவில்லை. இதுவே அந்த நாவலின் கவித்துவம் என்பார்கள். இருக்கலாம். எனக்கு அந்த உழைப்பு வேண்டும்.

இப்போது வரும் நாவல்களில் அது அறவே இல்லை. மூளையில் ஒரு சில்லு, இல்லையென்றால் தண்ணீரில் ஒரு மருந்து, நாடே மறந்துவிடுகிறது. பதினாறு வயது நாயகி கடைசி அத்தியாயத்தில் ஒரு கோபுரத்தைத் தகர்த்தால் எல்லோருக்கும் நினைவு திரும்பிவிடுகிறது. அந்த அரசில் கோப்பு இல்லை, எழுத்தர் இல்லை, மதிய உணவுக்கு ருசியற்ற குழம்போடு வரிசையில் நிற்கும் '1984'-இன் சைம் போன்ற கெட்டிக்காரர்கள் இல்லை. கொடுங்கோன்மைக்கு ஆள்பலமே தேவையில்லை என்று எழுதுவது வாசகனுக்குக் கொடுக்கும் சலுகை. அந்த உலகில் தான் என்ன வேலை செய்துகொண்டிருப்போம் என்று அவன் யோசிக்கவே வேண்டியதில்லை.

உழைப்பை மறக்காத இன்னொருவர் இஸ்மாயில் கதாரே. 'கனவு மாளிகை'யை அவர் அல்பேனியாவில், என்வர் ஹோஜா உயிரோடும் அதிகாரத்தோடும் இருந்த 1981-இல் வெளியிட்டார். கதையை உஸ்மானியப் பேரரசில் வைத்தும் அதிகாரிகளுக்குப் புரிந்துவிட்டது. எழுத்தாளர் சங்கத்தில் கண்டனம் எழுந்தது. பேரரசு முழுவதும் மக்கள் கண்ட கனவுகளைச் சேகரித்து, பிரித்து, பொருள் கண்டு, ஆட்சிக்கு எதிரான சதியை முளையிலேயே கண்டுபிடிக்கும் அலுவலகம்தான் அந்தக் கனவு மாளிகை. நாயகன் மார்க்-அலெம் தேர்வுப் பிரிவில் சேர்கிறான், பொருள்விளக்கப் பிரிவுக்கு உயர்கிறான். காய்கறிக்காரர் ஒருவர் கண்ட கனவு, பாலத்தருகே ஒரு காளையும் ஓர் இசைக்கருவியும், அவன் கையில் இரண்டு முறை வருகிறது. அவனுக்கு விளங்கவில்லை. அவன் குடும்பத்தின் மீதே இடியாக இறங்கப்போகும் கனவு அது. கனவு கண்ட ஒருவனை அறையில் அடைத்து, கனவைப் பற்றியே நாள் கணக்கில் விசாரித்து விசாரித்து, அது அவன் தலையை விட்டுப் போகும்வரை விடாத பகுதி ஆர்வெலுக்குக்கூட வாய்க்கவில்லை.

ஆனாலும் ஆர்வெலைத்தான் முதலில் வைப்பேன். மார்க்-அலெமுக்குத் தன் வேலை என்னவென்று கடைசிவரை தெளிவில்லை. வின்ஸ்டனுக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தே நன்றாகச் செய்கிறான். கதாரேயை இன்னும் தொடாதவர்கள் தேர்வுப் பிரிவு வரும் அத்தியாயங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். கோப்புகளும் தாழ்வாரங்களுமாகக் கதை அங்கே நகராததுபோலத் தோன்றும். அந்தப் பக்கங்களுக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறேன்.