சொல்லுக்கு நேர் கீழே

பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவருக்கும் சொல்லைப் பிளப்பது புதிதல்ல. பார்த்தேன் என்றால் பார் + த் + த் + ஏன். பார் பகுதி, முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. உறுப்பையும் அதன் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுவதால் எது எதற்குரியது என்ற ஐயம் எழுவதில்லை. பதவுரையும் அப்படித்தான். மொழியியலாளர்களின் வரியிடை உரை வேறு வழியில் போகிறது. மேல் வரியில் மூலமொழி வாக்கியம், அதன் கீழ் ஒவ்வொரு சொல்லுக்கும் உருபன் வாரியாகப் பொருள், அதற்கும் கீழே முழு மொழிபெயர்ப்பு. முதல் இரண்டு வரிகளையும் இணைக்க ஒரு கோடுகூடக் கிடையாது. இடம் ஒன்றுதான் இணைப்பு. அதனால் இந்த உரையில் வெற்றிடம் சரியாக அமையாவிட்டால் பக்கத்தின் அழகு மட்டும் கெடுவதில்லை, பொருளே இடம் மாறிவிடுகிறது.

கையால் எழுதிய காலத்தில் இது சிக்கலாக இருக்கவில்லை. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் லத்தீன் வரிகளுக்கு மேலே 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதியபோது, இடம் போதாவிட்டால் எழுத்தை நெருக்கிக்கொண்டார். அச்சுக்கு அந்த வசதி இல்லை. 1894இல் ஃபிரான்ஸ் போவாஸ் சினூக் மொழிக் கதைகளை வரியிடை உரையுடன் வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருளை ஈய எழுத்தால் நேர்படுத்திக் கோத்தவர்களின் பொறுமை தனிக் கதை. 1980களின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் லேமன் இந்த உரைக்கு நெறிமுறைகள் வகுத்தார். பின்னர் பெர்னார்ட் காம்ரி, மார்ட்டின் ஹாஸ்பெல்மத், பல்தசார் பிக்கெல் மூவரும் தொகுத்த லைப்சிக் விதிகள் பொது வழக்காயின. அந்தப் பத்து விதிகளில் முதலாவதே, பொருள்வரி சொல்லுக்குச் சொல் இடப்பக்கம் நேராக நிற்க வேண்டும் என்பது. எவ்வளவு இடைவெளி விடுவது, வரி மடங்கினால் என்ன செய்வது என்று விதிகள் சொல்வதில்லை. அதெல்லாம் அச்சுக்கோப்பவர் தலையில்.

வேர்டில் தட்டச்சு செய்பவர்கள் முதலில் கைவைப்பது இடைவெளிப் பட்டையில். திரையில் நேராக நிற்கும். எழுத்துரு மாறினால் கலைந்துவிடும். டேப் சற்று மேல், விளிம்பு மறைத்த அட்டவணை இன்னும் மேல். ஆனால் அட்டவணைக்கு வரி மடங்கத் தெரியாது. நீண்ட வாக்கியம் வந்தால் கடைசிச் சிற்றறைகள் ஒடுங்கி, ஒரே சொல் மூன்று துண்டாகத் தொங்கும். களப்பணியாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த டூல்பாக்ஸ் மென்பொருளோ பைட்டுகளை எண்ணி நேர்படுத்தியது. ஆங்கிலத்துக்கு அது போதும். 'கொ' என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆறு பைட்டு.

இவற்றுக்கெல்லாம் மேலான வழி லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் நிரல்களுடையது. ஜிபி4இ, எக்ஸ்பெக்ஸ் போன்றவற்றில் எழுதுபவர் எதையும் நேர்படுத்த வேண்டாம். இரண்டு வரிகளையும் மனம்போல் தட்டினால் போதும். நிரல் முதல் வரியின் முதல் சொல்லையும் இரண்டாம் வரியின் முதல் சொல்லையும் எடுத்து ஒரு பெட்டியில் மேலும் கீழுமாக அடுக்கும், பிறகு இரண்டாவது இணை, பிறகு மூன்றாவது. பெட்டிகள் பத்தியின் சொற்களைப் போல ஓடி, ஓரம் வந்ததும் இணை பிரியாமல் மடங்கும். எழுத்துருவை மாற்றலாம், தாளின் அளவை மாற்றலாம், உறவு குலையாது. வரியிடை உரை கேட்பதும் இதைத்தான். எது எதற்குரியது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இடைவெளி தானாக அமைய வேண்டும்.

ஆனால் இந்த நிரல் நம்பியிருப்பது எண்ணிக்கையை மட்டுமே. அவன் வீட்டுக்குப் போனான் என்ற வாக்கியத்தின் கீழே 'அவன்', 'வீடு-4வே', 'போ-இகா-ஆண்பால்' என்று மூன்று துண்டுகள் வர வேண்டும். நடுவிலுள்ள சிறுகோட்டுக்குப் பதில் விரல் தவறி இடைவெளி விழுந்துவிட்டால், நான்காம் வேற்றுமை போனான் என்ற வினைக்குக் கீழே போய் நிற்கும். போ என்பதன் பொருள் மேலே துணையின்றித் தொங்கும். லாடெக் பிழை காட்டாது. தொங்குகிற சொல்லைக் கண்டு நாம் விழித்துக்கொண்டால் உண்டு. மேல் வரியிலும் பிறகெங்கோ ஓர் இடைவெளி கூடியிருந்தால் கணக்குச் சரியாகிவிடும். நடுவிலுள்ள சொற்கள் மட்டும் தவறான பொருளைச் சுமந்துகொண்டு அச்சேறும். அம்மொழி தெரியாத வாசகருக்கு அது தவறென்றே தெரியாது. வரியிடை உரையே மொழி தெரியாதவர்களுக்காகத்தானே? தொடரமைப்பைக் காட்டச் சதுர அடைப்புக்குறிகளைத் தனித்து எழுதும்போதும் இதே ஆபத்து. ஒவ்வொரு குறிக்கும் கீழ் வரியில் வெற்று இணை வைக்காவிட்டால் எல்லாம் ஓரிடம் நகரும். ஓர் இடைவெளிக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்துவிட்டு, அதைச் சரிபார்க்க ஓர் எச்சரிக்கைகூட வைக்காதது இம்முறையின் பெரிய குறை என்பேன்.

அடுத்த குறை கண்ணுக்குத் தெரியும். ஓரசைச் சொற்கள் மிகுந்த சீனம் போன்ற மொழியில் மேல் வரிச் சொல் குறுகியது, கீழ் வரிக் குறிப்பு நீண்டது. பெட்டியின் அகலத்தை நீண்டது தீர்மானிப்பதால் மூல வாக்கியம் பல் விழுந்த வாய்போல ஆங்காங்கே இடைவெளி விட்டு நிற்கும். அதைச் சொற்களின் இடையே கையால் எதிர்மறை இடைவெளி புகுத்திச் சரிசெய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் எழுத்துரு மாறும்போது அந்தத் திருத்தமே புதிய பிழை. குறிப்புகளைச் சுருக்குவதும் அவற்றைச் சிறிய எழுத்தில் விடுவதும்தான் நேர்மையான மருந்து. மற்றபடி, இருபக்க விளிம்பும் சமமாகும்படி இழுக்கும் வழக்கத்தை எடுத்துக்காட்டுகளுக்குள் விடவே கூடாது. வலப்பக்கம் ஒழுங்கின்றி முடிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

கிடைவெளியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு யாரும் நெடுக்குவெளியைக் கவனிப்பதில்லை. வாசிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஆய்வேடுகளில் வரிக்கு வரி இரட்டை இடைவெளி கேட்கிறார்கள். அதே இடைவெளி எடுத்துக்காட்டுக்குள்ளும் புகுந்தால் சொல்லும் பொருளும் விலகிப்போகும். ஜிபி4இ-யில் உரையை மட்டும் ஒற்றை இடைவெளியில் வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. வாக்கியம் மடங்கும்போது நிலைமை இன்னும் மோசம். நான்கு வரிகளும் சம தூரத்தில் நின்றால் கண் இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்துப் படித்துவிடுகிறது, முதல் மடிப்பின் பொருளோடு இரண்டாம் மடிப்பின் மூலம். இணைக்குள் நெருக்கம், இணைகளுக்கு நடுவே சற்றுக் கூடுதல் வெளி, மொழிபெயர்ப்பு வரிக்கு முன் இன்னும் சற்று என்று வைத்தால் குழப்பம் தீரும். எக்ஸ்பெக்ஸ் இந்த வெளிகளைத் தனித்தனியே அமைக்க விடுகிறது. அதன் கையேட்டின் நீளம் பலரை விரட்டிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தில் வரியிடை உரை எழுதப் புகுந்தால் இன்னொரு கதவு திறக்கிறது. மரத்தை என்ற சொல்லில் ஐ உருபு எங்கே தொடங்குகிறது? 'தை' என்ற ஓரெழுத்துக்கு நடுவில். அங்கே சிறுகோடு போட முடியாது. மரத்து-ஐ என்று புணர்ச்சியைப் பிரித்து எழுதினால் அது யாரும் சொல்லாத வடிவம். தாமஸ் லேமன் 1989இல் புதுச்சேரியில் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் உட்பட இத்துறை நூல்கள் ரோமன் எழுத்தை நாடியதில் இந்தத் தொல்லைக்கும் பங்குண்டு. மரத்தைப் பார்த்தேன் என்பதில் மிகுந்த ப் எந்த உருபனுக்கும் சொந்தமில்லை, அதை எங்கே நிறுத்துவது? இலக்கணக் குறிப்புகளை வேறுபடுத்திக் காட்ட லைப்சிக் வழக்கில் சிறு தலைப்பெழுத்து இருக்கிறது. தமிழில் பேரெழுத்து சிற்றெழுத்து கிடையாது. இறந்தகாலத்தை 'இ.கா.' என்று புள்ளியிட்டுச் சுருக்கினாலோ, லைப்சிக் வழக்கில் புள்ளி ஒரே உருபனில் இரு பொருள் கூடியிருப்பதைக் குறிக்கும். புள்ளியை விட்டு 'இகா' என்று எழுதுவதே சரி. ஒன்றில் மட்டும் நமக்கு ஆதாயம்: வேற்றுமைகளுக்கு நம் இலக்கணம் எண்ணிட்டு வைத்திருப்பதால் '2வே' போதும், வரி குறுகிவிடும்.

தமிழ் எழுத்திலேயே எழுதுவதென்றால் நான்கு வரி முறையைத்தான் பரிந்துரைப்பேன். முதல் வரியில் இயல்பான வாக்கியம், புணர்ச்சியோடும் மிகுந்த ஒற்றோடும், எதனோடும் நேர்படாமல். அடுத்த இரண்டு வரிகளில் பிரித்த உருபன்களும் பொருளும் நேருக்கு நேர். கடைசியில் முழுப் பொருள். இப்படிச் செய்தால் ஓட்டைகள் பிரித்த வரியில் மட்டும் விழும், படிக்கும் வரி முழுமையாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு ஒரு வரி கூடும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறு எடுத்துக்காட்டு வரும் இலக்கண நூலில் அது கணிசமான தாள். பதிப்பாளர் முகம் சுளிப்பார். அந்தச் செலவைக் குறைக்க முதல் வரியை வெட்டச் சொன்னால், அதைவிட ரோமன் எழுத்துக்கே போய்விடலாம்.