தோட்ட வாரியமும் சேரி முருங்கையும்

தோட்டத்துக்கும் நிலத்துக்கும் வரலாறு எழுதணும், அதைத் தனிப் பாடமாகப் படிக்கணும் என்கிறார்கள். நல்ல விசயம்தான். 1981ல் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் கூடிய வல்லுநர்கள், பழைய தோட்டங்களையும் நினைவுச் சின்னங்களாகக் காக்க வேண்டும் என்று சாசனம் எழுதினார்கள். 1992ல் யுனெஸ்கோ, மனுசக் கை பட்டு உருவான நிலப்பரப்புகளையும் உலகப் பாரம்பரியத்தில் சேர்க்க வழி செய்தது. காஞ்சிபுரத்தில் இந்தப் படிப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் என் கேள்வி.

கோயிலிலிருந்து என்பார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரம், வரதராசர் கோயில் அனந்தசரஸ் குளம், நந்தவனங்கள். அதை விட்டால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், குடவோலை முறையில். 2020ல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

வாரியத்துக்கு யார் வரலாம்? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேணும். சொந்த மனையில் வீடு வேணும். வேதம் படிச்சிருக்கணும். அது பிரமதேய ஊர், பார்ப்பனர் சபை. தகுதியை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிற கல், தோட்டத்தில் மண்வெட்டி பிடிச்சவன் யார் என்று வாய் திறக்கவில்லை. தோட்டம் இருக்கு, வாரியம் இருக்கு, தோட்டக்காரனைக் காணோம். இதைக் கேட்காத தோட்ட வரலாறு வாரியத்தின் வரலாறாகத்தான் இருக்கும்.

ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இன்னும் வெளிப்படை. வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர் நத்தம், குளம், பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுகின்றன. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் வருகிறது. சாதியை நிலத்தில் வரைந்த படம் அது. ஐந்திணையை மனப்பாடம் செய்துதான் நான் எம்.ஏ. தமிழ் முடித்தேன். மருதத்தில் வயல் வந்தது, பொய்கை வந்தது. சேரி எந்தத் திணையில் என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

சேக்கிழார் பார்த்திருக்கிறார். அவர் நம்ம குன்றத்தூர்க்காரர். பெரிய புராணத்தில் நந்தனின் சேரியைக் காட்டும்போது, உழத்தி பிள்ளையைத் தூங்கவைக்கும் மருத மர நிழலைச் சொல்கிறார். கோழி அடைகாக்கும் வஞ்சி மரத்தடி, பறை தொங்கும் மாமரம், நாய் குட்டி போட்ட தென்னை என்று மரம் மரமாகச் சொல்கிறார். பிள்ளைக்கும் கோழிக்கும் பறைக்கும் இடம் தந்த இதுவும் தோட்டந்தானே? ஆனால் இந்த நிழலில் வளர்ந்த நந்தனைத் தில்லையில் தீயில் இறக்கித்தான் அவரால் புனிதமாக்க முடிந்தது. சேரி அவருக்குக் காட்சி, கோயில்தான் கதி.

அந்த மரங்கள் யாருடையவை? 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். காஞ்சிபுரம் அப்போது அந்த மாவட்டம். குடிசை நிற்கிற மண்ணுக்கே மிராசுதார் உரிமை பேசினான். அப்படியென்றால் வாசலில் நட்ட முருங்கை யாருக்குச் சொந்தம்? எப்ப வேணாலும் விரட்டுவான் என்கிறவன் தென்னை நட்டுக் காய்க்கும்வரை காத்திருப்பானா? 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது. 102 வருசம் கழித்து, 1994ல், அந்த நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நம்ம நில வரலாற்றில் ரத்தமும் ஒரு ஆவணம்.

ஆகவே மாணவத் தோழர்களே, இந்தப் படிப்பு வரட்டும். கோயில் குளத்தை அளக்கிற அதே நாடாவால் சேரிக் கிணற்றையும் அளப்போம். பட்டு நெசவாளி பாவு நீட்டுகிற தெருவையும் எழுதுவோம். எந்தப் பாதையில் செருப்பைக் கழற்றச் சொன்னான், எந்த மரத்தடியில் பறை காய்ச்சினோம், எந்தப் புறம்போக்கு யார் பட்டாவில் போய்ச் சேர்ந்தது என்று கிழவிகளிடம் கேட்டுக் குறித்துவைப்போம். நிலத்தின் வரலாறு படிக்கிறவன், நிலம் யாருக்கு என்று கேட்காமல் இருக்க முடியாது.