நீர்ப்பிம்பமும் நடுவர் நோக்கும்

பிரதிபிம்பத்தைப் பொருளாகக் கொண்டு நண்பர்கள் நடாத்தும் நிழற்படப் போட்டிகளில், அசைவற்ற குளமும் அதில் தலைகீழாய்த் தோன்றும் மரமுமே பெரும்பாலும் பரிசு பெறுகின்றன. நட்புக் கருதி நடுவரும் இணங்கிவிடுகின்றார். அத்தகைய படத்திற் பிம்பத்தைக் கையால் மறைப்பினும் இழப்பொன்றுமில்லை. அது வெறும் இரட்டிப்பே.

1932இல் பாரிஸ் நகரத்துச் சான் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தே ஹென்றி கார்த்தியே பிரெசோன் எடுத்த படம் வேறு வகையினது. தேங்கிய நீரின்மேற் பாயும் ஒருவனது குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. கீழிருந்து பிம்பத்தின் குதிகால் அதனை எதிர்கொள்ள எழுகின்றது. பின்னேயுள்ள சுவரொட்டியிலும் ஓர் உருவம் பாய்கின்றது. ஓரங்கள் வெட்டப்பட்ட படம் என்பது உண்மையே, அது பெருங்குறையன்று. இங்கே பிம்பத்தை மறைத்தால், எஞ்சுவது ஒரு பாய்ச்சல் மாத்திரம். அடுத்த கணம் அவன் நனையப்போகின்றான் என்பது தெரியாமற் போய்விடும்.