ஒரு மிதி, ஒரு சாவி: முக்கொம்பில் பழைய ஜென்

“நம்ம ஊர் வெயிலுக்குச் சோக் எதற்கு சார்?” திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் இப்படிச் சொல்லி, பழைய கார்களின் ஆட்டோ சோக்கைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். 1997 மாடல் மாருதி ஜென் ஒன்றை மார்கழி இரவில் முக்கொம்பில் திறந்தவெளியில் நிறுத்தி, விடியலில் எடுத்துப் பார்த்தேன். கட்டாதீர்கள் என்பதே என் தீர்ப்பு.

காவிரி இரண்டாகப் பிரிந்து கொள்ளிடம் கிளம்பும் இடம் முக்கொம்பு. 1830களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியதும் இங்கேதான். சுற்றிலும் தண்ணீர் என்பதால் மார்கழி விடியலில் கண்ணாடியெல்லாம் பனி இறங்கியிருக்கும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நமக்கு அது இதமான குளிர்தான். ஆனால் 85, 90 டிகிரியில் ஓட வேண்டிய இஞ்ஜினுக்கு அது கடுங்குளிர். அந்த நேரத்தில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. பாதி வழியிலேயே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தால்தான் தீப்பிடிக்கும். சோக்கின் வேலை அவ்வளவுதான்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே ஒரு முறை மிதித்து விட்டேன். கார்புரேட்டர் வாயிலிருக்கும் பித்தளைத் தகடு மூடி நின்றது. காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும், செல்ஃப் இரண்டு சுற்று சுற்றி இஞ்ஜின் பிடித்துக்கொண்டது. பிடித்த மறுகணம் தகடு ஒரு நூல் அளவு திறந்தது. வேக்குவம் டயாஃப்ரம் இழுக்கும் அந்தச் சின்னத் திறப்பு இல்லையென்றால் பெட்ரோல் மிஞ்சி இஞ்ஜின் திணறும். முதலில் சத்தமாக உயர்ந்த ஐடிலிங், ரேடியேட்டர் தண்ணீர் சூடேறச் சூடேறத் தணிந்தது. அந்தத் தண்ணீர்தான் சோக்கின் மெழுகுக் குமிழைச் சூடாக்குகிறது. மெழுகு உருகி விரிய, தகடு திறந்துகொள்கிறது. மின்சாரமோ சென்சாரோ இல்லாமல் இத்தனை நுணுக்கமாக வேலை செய்யும் ஓர் அமைப்பைக் கம்பியால் கட்டிப்போட எப்படித்தான் மனசு வருகிறதோ!

பெரும்பாலான கோளாறுகள் சோக்கில் பிறப்பதில்லை. வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். சோக் நெடுநேரம் மூடியே கிடக்கும். கறுப்புப் புகை வரும், மைலேஜ் விழும், பழி சோக்கின் தலையில் விழும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றினாலோ, உப்பு படிந்து மெழுகுக்குப் போகும் வழி அடைபடும்.

வண்டி ஒரு வாரம் சும்மா நின்றிருந்தால் கதை வேறு. நம் வெயிலில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் என்பதால் இஞ்ஜின் சுற்றினால்தான் பெட்ரோல் ஏறும். சில நொடி செல்ஃப் அடித்து நிறுத்தி, மறுபடி ஒரு முறை மிதித்துவிட்டு அடியுங்கள். பதற்றத்தில் டக் டக்கென்று பத்து முறை மிதித்தால் பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்துவிட்டால் பெடலை அடிவரை அழுத்திப் பிடித்தபடியே செல்ஃப் அடிக்க வேண்டும். சோக் தகடு திறந்து, மிஞ்சிய பெட்ரோலைக் காற்று வெளியேற்றும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் சோக்கின் தேவையை இன்னும் கூட்டியிருக்கிறது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும். கலவையும் மெலிந்துபோகும். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. பழைய ரப்பர் குழாய்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊறி விரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பழைய ஜென் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியலில் போய், சாவியைக் கேட்பதற்கு முன் பானெட்டைத் திறந்து இஞ்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.